ஒபிசர் எழுதிய பெட்டிசம்

நீங்கள் எல்லாரும் எண்பத்துமூன்று கலவரத்துக்குப் பிறகு வந்த ஆட்கள். நம்முடைய ஒன்றுகூடலில் யார் எந்த வருடம் வந்தது என்று கதை தொடங்கினால் நான் தேநீர் ஊற்றப் போய்விடுவேன். சொன்னால் நம்பமாட்டீர்கள் என்ற கூச்சம்தான். உங்களில் முதலில் வந்தவருக்கும் பத்து வருடம் முந்தியே, பத்து வயதில், நான் இந்த ரொறன்ரோவுக்கு வந்து, இரண்டு குளிர்காலம் இருந்துவிட்டுத் திரும்பிப் போனவள். இப்போது ஒன்றுகூடல் மலருக்கு ஆளுக்கொரு சிறுவயதுக் கதை கேட்கிறார்கள். மற்றவர்கள் ஊரைப் பற்றி எழுதுவார்கள். என்னிடம் இருப்பது ஒரு துப்பாக்கிப் படம். அதுவும் இரண்டாம் பாகம். முதல் பாகத்தை நான் இன்றுவரை பார்த்ததில்லை.

ஐந்தாம் வகுப்பு முடித்த கையோடு என்னைப் பெரியம்மா பெரியப்பாவிடம் அனுப்பினார்கள். அவர்களுடைய மகனுக்கு அப்போது ஒன்றரை வயது. அவனைத் தம்பி என்றுதான் கூப்பிடுவேன், இன்றைக்கும் அப்படித்தான். பெரியம்மாவுக்கு ஓர் ஆஸ்பத்திரியில் சலவைத் துணி மடிக்கிற வேலை. பெரியப்பாவுக்கு ஒரு கந்தோரில் கட்டடப் படம் கீறுகிற வேலை. இரண்டு பேரும் வேலைக்கு வெளிக்கிட்டால் தம்பியைப் பார்க்க ஆள் வேண்டும். நான் ஆறு மாத விசாவில் வந்தேன். ஆறு மாதம் முடிந்த பிறகும் இருந்தேன். அது பிழை என்று எனக்குத் தெரியாது. வீட்டில் பேப்பர் என்ற சொல் வந்தால் பெரியப்பாவின் குரல் இறங்கிவிடும், அவ்வளவுதான் தெரியும்.

எங்கள் வீடு பதினோராம் மாடியில். லிஃப்ற்றுக்குள் யாரோ சமைத்த முட்டைக்கோவா மணம் எந்த நேரமும் இருக்கும். பல்கனியில் நின்றால் நேரே கீழே ஒரு பள்ளிக்கூடம். செங்கல் கட்டடம், கம்பி வேலி, பனி மூடிய முற்றம். அந்த முற்றத்தைத்தான் நான் படித்தேன். காலையில் மணி அடித்ததும் பிள்ளைகள் வரிசையில் நின்று ஒரு பச்சைக் கதவுக்குள் போவார்கள். கொஞ்ச நேரம் போனால் எல்லாரையும் திரும்ப வெளியே விடுவார்கள். அந்தக் குளிருக்குள் ஏன் விடுகிறார்கள் என்று எனக்கு விளங்கவே இல்லை. கத்தி ஓடி விழுந்து எழும்பிவிட்டு மறுபடி உள்ளே போவார்கள். ஒரு பிள்ளையின் கையுறைகள் இரண்டும் ஒரு நூலில் கட்டி, கோட்டின் கைக்குள்ளால் தொங்கும். இன்னொரு பிள்ளை எப்போதும் சுவரோடு நிற்பாள். அவளுக்குத் தண்டனையா, இல்லை என்னைப் போல் கூச்சமா என்று நாள் முழுக்க யோசிப்பேன். உள்ளே பிள்ளைகளுக்கு அடிக்கிற சத்தம் ஏதும் கேட்கிறதா என்று காது கொடுத்தும் பார்த்தேன். பதினோராம் மாடிக்கு எட்டவில்லை.

ஒருநாள் துணிந்து பெரியப்பாவிடம் கேட்டேன். முதலில் ஆங்கிலம் பழகு, பிறகு பார்ப்போம் என்றார். பள்ளிக்கூடத்தில் போட்டால் பேப்பர் கேட்பார்கள், பேப்பர் இல்லையென்றால் ஒபிசர் வருவான், ஒபிசர் வந்தால் எல்லாரும் பெட்டி கட்ட வேண்டியதுதான் என்று சொன்னார். பெரியம்மா குசினியில் கழுவின சட்டியையே திரும்பக் கழுவிக்கொண்டு நின்றார்.

அதனால் கதவுக்கு ஒரு சட்டம் இருந்தது. அதைச் சொல்லித் தந்தவர் பெரியம்மா. யார் தட்டினாலும் திறக்கக்கூடாது. தண்ணீர்க் குழாயைத் திறந்திருந்தால் பூட்டிவிட வேண்டும். தம்பி அழப்போனால் வாயில் ஒரு மாரி பிஸ்கற்றை வைத்துவிட வேண்டும்.

பெரியப்பா அப்போது சங்கத்துச் செயலாளர். சங்கம் என்றால் பெரிதாக நினைக்காதேயுங்கள். நகரத்தில் இருந்த அத்தனை தமிழ்க் குடும்பங்களும் ஒரு தேவாலயத்தின் நிலக்கீழ் மண்டபத்துக்குள் அடங்கிவிடும். நான் வந்த முதல் குளிர்காலத்தின் மாசியில் ஒரு ஞாயிறு பின்னேரம் அங்கே தமிழ்ப்படம் போடுவதாக ஏற்பாடு. படம் லண்டனிலிருந்து மூன்று தகரப்பெட்டிகளில் வந்திருந்தது. பெட்டிகளின் மேல் தமிழ்ப்படத்தின் பெயர் ஒட்டியிருந்தது. சுவரில் பெரியம்மாவின் வெள்ளைப் படுக்கை விரிப்பைக் கட்டியிருந்தார்கள். ஒரு மூலையில் ரோல்ஸும் தேநீரும். பனிக்குள்ளால் ஹமில்ரனிலிருந்து கூட ஆட்கள் வந்திருந்தார்கள். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், மடக்குக் கதிரைகள். வெப்பக் குழாய்கள் யாரோ சுத்தியலால் அடிக்கிறமாதிரி இடைக்கிடை சத்தம் போட்டன.

விளக்கை அணைத்து முதல் சுருள் ஓடத் தொடங்கியதும் குதிரைகள் வந்தன. எங்கள் படங்களிலும் குதிரை வரும்தானே என்று கொஞ்சநேரம் பொறுத்துப் பார்த்தார்கள். பிறகு தொப்பிகள் வந்தன. பிறகு மீசையில்லாத ஒரு வெள்ளைக்காரன் வந்து ஆங்கிலத்தில் துப்பினான்.

"செயலாளர், உது ஆரின்ரை படம்?" என்று இருட்டுக்குள் ஒருவர் கேட்டார்.

பெட்டிக்குள் வேறு படம். எந்த ஊரில் எவர் மாற்றி வைத்தாரோ. ஆனால் படம் காட்டுகிற பொறியை மாலைவரைக்கும் வாடகைக்கு எடுத்தாகிவிட்டது. ரோல்ஸும் விற்று முடியவில்லை. பெரியப்பா ரோச் லைற்றை எடுத்துக்கொண்டு போய் விரிப்புக்குப் பக்கத்தில் நின்றார்.

"வந்தது வந்திட்டுது. எழும்பாமல் இருந்து பாருங்கோ. நான் தமிழிலை சொல்லிக்கொண்டு வாறன்."

பெரியப்பாவின் ஆங்கிலம் எங்கள் ஆட்களுக்குள் பேர்போனது. வெள்ளைக்காரரோடு ரெலிபோனில் கதைப்பதென்றால் எழும்பி நின்றுதான் கதைப்பார். பெரியம்மா பஸ்ஸில் ஆங்கிலப் புத்தகம் வாசிப்பதை நான் கண்டிருக்கிறேன். ஆனால் அவர் ஆங்கிலம் பேசி நான் கேட்டதில்லை.

கதை இதுதான். உப்புச் சுரங்கம் ஒன்றில் வேலை செய்கிற சனத்துக்கு எழுத்துப் படிப்பித்த ஒரு வாத்தியாரைப் பிடித்துக் கோட்டையொன்றுக்குள் பூட்டி வைத்திருக்கிறார்கள். ஆறு துப்பாக்கிக்காரர் அவரை மீட்கப் போகிறார்கள். அந்த ஆறு பேரும் கூலிக்குச் சுடுகிறவர்கள் என்று பெரியப்பா சொன்னதும் நான் நிமிர்ந்து இருந்தேன். எனக்குத் தெரிந்த கூலிக்காரர் வேலி அடைப்பார்கள், தோட்டம் கொத்துவார்கள், மத்தியானம் வேம்புக்குக் கீழே இருந்து சாப்பிடுவார்கள். கூலிக்கு வந்து ஓர் ஆளை மீட்டுக் கொடுத்துவிட்டும் போவார்களா?

எனக்கு முன்னால் இருந்த ஓர் அம்மாவுக்கும் அது பொருந்தவில்லை. கூலிக்குச் சுடுகிற ஆட்கள் எப்படி நல்லவர்களாக இருப்பார்கள் என்று கேட்டார். கூலிக்கு என்றாலும் வாக்கு மாறாத ஆட்கள் என்று பெரியப்பா அவர்களுக்காக ஈடு நின்றார்.

அந்த ஆறு பேரோடு ஒரு கோவேறு கழுதையும் போனது. அதற்கு ஒரு காதுதான். தலைவன் அதனோடு இரகசியம் கதைப்பான்.

"அண்ணை, உந்தக் கழுதைக்கு ஏன் ஒரு காது?"

"அது முதல் பாகத்தில வந்தது," என்றார் பெரியப்பா.

"அப்ப இது?"

"இது இரண்டாம் பாகம். தொடக்கத்திலை எழுத்திலை போட்டிருந்தவன், நான் வாசிச்சனான்."

அதன்பிறகு அவருக்கு விளங்காத எல்லாமே முதல் பாகத்தில் வந்ததாகிவிட்டது. ஒருவன் ஒரு பெண்ணின் படத்தைப் பார்த்து அழுதான், அது முதல் பாகம். இரண்டு பேர் காரணமில்லாமல் கட்டிப்பிடித்துச் சண்டை போட்டார்கள், அதுவும் முதல் பாகம். பாதிப் படத்துக்குமேல் பெரியப்பா வாயெடுக்க முன்பே சனம் சேர்ந்து சொல்லத் தொடங்கிவிட்டது. பின்வரிசையில் ஒருவர், அப்படியென்றால் முதல் பாகத்தைச் சொல்லிவிட்டு இதைச் சொல்லலாமே என்றார். பெரியப்பா ரோச் லைற்றை அவருடைய முகத்துக்கு அடித்தார்.

பூட்டி வைத்திருந்த வாத்தியார் தன்னுடைய கழுத்தில் கட்டியிருந்த சிவப்புத் துணியை யன்னல் கம்பியில் கட்டினார். இங்கேதான் இருக்கிறேன் என்று காட்டுவதற்கு. அதை நான் மனதில் வைத்துக்கொண்டேன்.

கோட்டைக்கு ஓர் ஒபிசர் இருந்தான். வெள்ளை மீசை, நீளக் கோட், இடுப்பில் சாவிக்கொத்து. வாத்தியாரின் அறையைக் கடந்து போகும்போதெல்லாம் ஒரு கணம் நின்று பார்ப்பான். இவன்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று பெரியப்பா சொன்னார். அந்த ஒபிசர் ஒரு விளக்கடியில் இருந்து கடிதம் எழுதி, மடித்து, கழுதைக்காரன் ஒருவனிடம் இரகசியமாகக் கொடுத்தான். என்ன எழுதுகிறான் என்று யாரோ கேட்டார்கள்.

"பெட்டிசம்," என்றார் பெரியப்பா. யோசிக்கவே இல்லை.

மண்டபம் முழுக்க "ம்ம்" என்றது. உங்களுக்கு நான் பெட்டிசத்தை விளங்கப்படுத்தத் தேவையில்லை. பெயர் போடாமல் மேலிடத்துக்கு ஒருவரைப் பற்றி எழுதிப்போடுகிற கடிதம். அந்த மண்டபத்தில் இருந்தவர்களில் பாதிப் பேராவது ஊரில் பெட்டிசத்தால் வேலையில் இடைஞ்சல் பட்டவர்கள். வெள்ளைக்காரனும் பெட்டிசம் எழுதுகிறான் என்று கண்டதும் படம் அவர்களுக்கு நெருங்கி வந்துவிட்டது.

கடைசியில் பெரிய சண்டை. ஒபிசர் சாவியோடு ஓடிவந்து ஒரு பின்கதவைத் திறந்தான். வாத்தியாரிடம் ஏதோ சொன்னான். அந்த நேரம் குண்டு பட்டு விழுந்தான். தப்பி ஓடப் பார்த்தான், பட்டுவிட்டான், நல்லாய் வேணும் என்று பெரியப்பா சொல்ல, எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். பக்கத்தில் பெரியம்மா மட்டும் தட்டவில்லை. மடியில் தம்பி நித்திரை, அதனால்தான் தட்டவில்லை என்று நினைத்தேன்.

திரும்பிப் போகும்போது பஸ்ஸில் பெரியப்பா முன்னால் யாருடனோ நின்று கதைத்துக்கொண்டிருந்தார். நான் பெரியம்மாவிடம், கூலிக்கு ஆள் பிடிப்பது எப்படி என்று கேட்டேன்.

"ஏன், ஆரை மீட்கப் போறாய்?"

"சும்மா." கொஞ்சம் பொறுத்து, "பூட்டி வைச்ச ஆள் கேட்டால்தான் வருவினமோ?" என்றேன்.

பெரியம்மா யன்னல் பக்கம் திரும்பினார். கண்ணாடியில் மூச்சு படிந்து வெளியே ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"வேறை ஆராவது எழுதிக் கேட்டாலும் வருவினம்," என்றார்.

படத்தைப் பற்றித்தான் சொல்கிறார் என்று நினைத்தேன்.

எனக்கு அந்த வீட்டில் பசி இல்லை, அடி இல்லை. பெரியம்மா எனக்குத் தலை இழுத்துப் பின்னிவிடுவார், ஊதா நிறத்தில் ஒரு கோட் வாங்கித் தந்தார். ஆனால் அந்தப் பச்சைக் கதவுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் எனக்கு இருக்க முடியவில்லை. மூன்றாம் நாள் பெரியம்மாவின் சிவப்பு உள்பாவாடையை எடுத்துப் பல்கனிக் கம்பியில் கட்டினேன். ஆறு பேர் வந்தால் லிஃப்ற்றுக்குள் கழுதையை எப்படி ஏற்றுவார்கள் என்று ஒரு கவலையும் இருந்தது. அவர்களில் ஒருவர் தம்பியைப் பார்த்துக்கொண்டால் நான் மணி அடிக்கிற நேரம் கீழே போய்வரலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

வந்தது கட்டடக் காவலாளி. பின்னேரம் பெரியப்பாவிடம், பல்கனியில் உடுப்புக் காயப்போடக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். பாவாடை அதற்குள் விறைத்துப் பலகையாகியிருந்தது. உள்ளே கொண்டுவந்து வைத்தபோது தானாகவே நின்றது. நிற்கிற எதையும் கும்பிடப் பழகியிருந்த தம்பி அதையும் கைகூப்பிக் கும்பிட்டான். பெரியப்பாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. காயட்டும் என்று போட்டேன் என்றேன். இந்தக் குளிருக்குள் ஐஸ் அல்லவா காயும் என்று பெரியம்மாவும் சிரித்தார். சிரித்துவிட்டு என்னை ஒருமாதிரிப் பார்த்தார்.

அதற்குப் பிறகுதான் அந்தக் கேள்வி தொடங்கியது. வேலையால் வந்ததும் பெரியம்மா கோட்டைக் கழற்ற முன்பே, பெரியப்பாவுக்குக் கேட்காமல், தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு மெல்லக் கேட்பார்.

"இண்டைக்கு ஆராவது வந்து தட்டினவையோ?"

"இல்லை."

ஒவ்வொரு நாளும் கேட்டார். ஒபிசருக்குப் பயந்துதான் கேட்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். பாவம், பெரியப்பாவைவிட இவருக்குப் பயம் கூட என்று நினைத்தேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை, முற்றத்துப் பனி சாம்பல் நிறமாகிக் கரையத் தொடங்கியிருந்த நேரம், கதவில் மூன்று தட்டு. நான் குழாயைப் பூட்டினேன். தம்பியின் வாயில் பிஸ்கற் வைத்தேன். பால்மாத் தகரப் பேணியைக் கவிழ்த்து வைத்து அதன்மேல் ஏறிக் கதவுத் துளையால் பார்த்தேன். துளைக்குள்ளால் மனிதர் எல்லாம் உருண்டையாகத்தான் தெரிவார்கள். உருண்டையான ஒருவர் நின்றார். நீளக் கோட். வெள்ளை மீசை. கையில் தோல் பை.

அவர் கதவைப் பார்த்து ஆங்கிலத்தில் பேசினார். குரல் கடுமையாக இல்லை. பேச்சுக்குள் ஸ்கூல் என்று ஒரு சொல் வந்தது. அந்தச் சொல் எனக்குத் தெரியும். கை தானாகக் கதவுச் சங்கிலிக்குப் போய்விட்டது. வந்துவிட்டார்கள், ஆறு பேரில் ஒருவர் முதலில் வந்துவிட்டார், கழுதை கீழே நிற்கிறது என்றெல்லாம் நினைத்தேன். சங்கிலியை அரைவாசி இழுத்துவிட்டேன்.

அவர் மறுபடி பேசினார். இந்தமுறை ஸ்கூலோடு இன்னொரு சொல்லும் வந்தது. ஒபிசர்.

நான் சங்கிலியைத் திரும்பவும் கொளுவினேன். பேணியிலிருந்து இறங்கித் தம்பியை மடியில் வைத்துக்கொண்டு கதவுக்குக் கீழே இருந்தேன். கதவுக்கும் நிலத்துக்கும் இடையில் அவருடைய சப்பாத்துகள் தெரிந்தன. தெருவில் போடுகிற உப்புப் பட்டு நுனியெல்லாம் வெள்ளையாகக் கோடு விழுந்திருந்தது. கன நேரம் நின்றார். ஒருதரம் வாய்க்குள் ஏதோ பாட்டு முணுமுணுத்தார். ஒபிசர்மார் பாட்டுப் படிப்பார்களா என்று அந்தப் பயத்துக்குள்ளும் யோசித்தேன். பிறகு கதவுக்குக் கீழால் ஒரு தாள் வந்தது. சப்பாத்துகள் போய்விட்டன. அவை நின்ற இடத்திலிருந்து ஒரு கோடு தண்ணீர் மட்டும் உள்ளே வழிந்தது.

தாளின் தலைப்பில் ஒரு விளக்குப் படம். எனக்கு எழுத்துகள் தெரியும், சொற்கள் தெரியாது. ஒபிசர் தந்த தாள், விளக்கு, இரகசியம். அது பெட்டிசம் என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. பெரியப்பாவைப் பற்றி யாரோ எழுதிப்போட்டார்கள். பெரியம்மா கண்டால் பயந்து போவார்.

வழிந்த தண்ணீரைத் துடைத்தேன். தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு, அந்தக் கதவை முதல்தரம் நானாகத் திறந்தேன். விறாந்தையின் முடிவில் குப்பை போடுகிற குழாய் இருந்தது. அதன் இரும்பு மூடியை இழுத்துத் தாளைப் போட்டேன். போத்தல் போட்டால் பதினோரு மாடியும் இடிபட்டு விழுகிற சத்தம் கேட்கும். தாளுக்குச் சத்தமே இல்லை. விழுந்ததா, இடையில் எங்கேயும் ஒட்டிக்கொண்டதா என்று தெரியாமல் கொஞ்சநேரம் காது வைத்துக்கொண்டு நின்றேன்.

அன்று பின்னேரமும் பெரியம்மா குழாயைத் திறந்துவிட்டுக் கேட்டார்.

"ஒருத்தரும் வரேல்லை," என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டு அரிசி கழுவினார். இன்னும் இரண்டு மூன்று கிழமை கேட்டிருப்பார். பிறகு கேட்பதை விட்டுவிட்டார்.

அந்தச் சித்திரையில் மல்வேர்னுக்கு மாறினோம். அப்போது அங்கே வீடுகள் பாதி, சேறு பாதி. சேற்றுக்கு மேலே பலகை போட்டு நடப்போம். யன்னலால் பார்த்தால் சீமெந்து லொறிதான் தெரியும். மணிச்சத்தம் இல்லை. அடுத்த வருடம் ஊருக்குப் போகிற ஒரு குடும்பத்தோடு என்னைச் சேர்த்து அனுப்பினார்கள். ஊரில், இவ்வளவு வளர்ந்த பிள்ளையை ஆறாம் வகுப்பில் எப்படி இருத்துவது என்றார்கள். அதற்குள் வயதுக்கு வந்து பெரியபிள்ளையும் ஆகிவிட்டேன். என் படிப்பு அதோடு சரி. பிறகு கலியாணம், பிள்ளைகள், உங்கள் எல்லாரையும் போல ஓடிவந்தது. அந்தக் கதை உங்களுக்குத் தெரியும்.

இப்போது நான் ஸ்ரௌவ்விலில் மகளோடு. பெரியப்பா காலமாகிக் கனகாலம். பெரியம்மா விட்பியில் தம்பியோடு இருக்கிறார், தொண்ணூறுக்குக் கிட்ட. தம்பி வேலைக்குப் போகிற நாட்களில் அவரைப் பார்த்துக்கொள்ள நான் போய் இருப்பேன். மகள் காரில் கொண்டுபோய் விடுவாள். தம்பியைப் பார்த்த கைக்கு இப்போது தம்பியின் தாய். இதையெல்லாம் ஏன் எழுதுகிறேன் என்றால், போன மாதம் ஒரு மத்தியானம் நடந்த விஷயம்.

பெரியம்மாவுக்கு இடியப்பம் பிசைந்து கொடுத்துக்கொண்டிருந்தேன். ரீவியில் பழைய படம் ஒன்று தன்பாட்டில் ஓடிக்கொண்டிருந்தது. நிமிர்ந்து பார்த்தால், ஒற்றைக் காதோடு கோவேறு கழுதை.

"பெரியம்மா, எங்கடை படம்," என்றேன். அவருக்கும் உடனே தெரிந்துவிட்டது. கண்ணாடியைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார். இடியப்பம் ஆறிப்போனது. கோட்டை வந்தது, சிவப்புத் துணி வந்தது, ஒபிசர் வந்தான். விளக்கடியில் இருந்து எழுதத் தொடங்கினான்.

"பெட்டிசம்," என்று நான் பெரியப்பாவின் குரலில் சொன்னேன்.

பெரியம்மா சிரிக்கவில்லை. "பெட்டிசம் இல்லையடி பிள்ளை. அந்த ஆறு பேரையும் வரச்சொல்லி எழுதினவனே அவன்தான். வாத்தியாரைக் காப்பாத்தச் சொல்லி."

கையில் சாப்பாடு அப்படியே இருந்தது. "அண்டைக்கே உங்களுக்கு உது தெரியுமோ?"

"தெரியும். கலியாணத்துக்கு முதல் நாலு வருசம் இங்கிலிஸ் படிப்பிச்சனான்."

"பிறகேன் பேசாமல் இருந்தனீங்கள்?"

"அந்தாள் சனத்துக்கு முன்னாலை ரோச்சும் கையுமாய் நிக்குது. நான் எழும்பி, அது அப்பிடி இல்லை எண்டு சொன்னால் அந்தாளின்ரை முகம் என்னத்துக்காகும்?"

அது சரிதான் என்று அப்போதைய எந்தப் பெண்ணும் சொல்வாள். நானும் சொல்லியிருப்பேன். பெரியம்மா ரீவியிலிருந்து கண் எடுக்காமல், ஏதோ மறந்துபோன சாமானைப் பற்றிச் சொல்கிறமாதிரி மற்றதைச் சொன்னார். அந்தப் படம் பார்த்த கிழமை அவரும் அப்படி ஒன்று எழுதினாராம். கீழே இருந்த பள்ளிக்கூடத்துக்கு. வீட்டில் ஒரு பிள்ளை இருக்கிறாள், படிக்க ஆசைப்படுகிறாள், வந்து கூட்டிக்கொண்டு போங்கள் என்று. சட்டத்தோடு ஓர் ஆள் வந்து நின்றால் பெரியப்பாவால் மறுக்க முடியாது. புதன்கிழமை தனக்கு லீவு, அன்றைக்கு வரும்படியும் எழுதியிருந்தாராம். என்னிடம் சொன்னால் நான் பெரியப்பாவிடம் உளறிவிடுவேன் என்ற பயத்தில் எனக்குச் சொல்லவில்லை.

"ஒருத்தரும் வரேல்லை. வெள்ளையளுக்கு எங்கடை பிள்ளையைப் பற்றி என்ன கவலை எண்டு நினைச்சு விட்டிட்டன்."

நானும் ஐம்பது வருடமாக ஒன்றை நினைத்து வைத்திருந்தேன். பிள்ளை பார்க்க ஆள் வேண்டுமென்று என்னைப் படிக்கவிடாமல் வைத்திருந்தது பெரியம்மாதான் என்று. அவருக்கு இடியப்பம் வாயில் தீத்தும்போதுகூட அது எங்கேயோ ஒரு ஓரத்தில் இருந்தது. இப்போது பேசாமல் இருந்துவிடலாமா என்று யோசித்தேன். இந்த வயதில் அவருக்கு ஏன் அது. ஆனால் பேசாமல் இருந்து நடந்தவைதான் இவ்வளவும்.

"வந்தவை, பெரியம்மா."

அவர் திரும்பினார்.

"ஒரு செவ்வாய்க்கிழமை. வெள்ளை மீசை வைச்ச ஒரு ஆள். ஸ்கூல் எண்டார், சங்கிலியிலை கை வைச்சிட்டன். பிறகு ஒபிசர் எண்டார். நான் திறக்கேல்லை. தாள் ஒண்டு தந்தார். உங்களைக் காப்பாத்திறன் எண்டு அதைக் குப்பைக் குழாயுக்கை போட்டிட்டன். உங்களுக்குப் பொய்தான் சொன்னனான்."

பெரியம்மா கனநேரம் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார், சங்கிலியில் வைத்த கை இதுதானா என்று பார்க்கிறமாதிரி. பிறகு அந்தக் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்தார். இடியப்பமும் சொதியும் அவருடைய உடுப்பில் பிரண்டது.

"திறக்காதை எண்டு சொன்னது நான்தானே," என்றார். பிறகு, "அண்டைக்கு எழும்பி ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்."

படத்தில் சண்டை தொடங்கியிருந்தது. ஒபிசர் சாவியோடு ஓடிவந்தான். பின்கதவைத் திறந்து வாத்தியாரிடம் ஏதோ சொன்னான். எனக்கு இன்றைக்கும் அவ்வளவு வேகமான ஆங்கிலம் பிடிபடாது.

"என்ன சொல்லுறான், பெரியம்மா?"

அவர் குரலை உயர்த்தினார். அந்தச் சிறிய அறையில் நாங்கள் இரண்டு பேர்தான். ஆனால் ஒரு மண்டபத்துக்கே கேட்கிறமாதிரிச் சொன்னார்.

"கதவு திறந்துதான் கிடக்கு, நீ போ எண்டு சொல்லுறான்."

ஒபிசர் விழுந்தான். இந்தமுறை ஒருவரும் கைதட்டவில்லை. ஆறு பேரில் மிஞ்சியவர்கள் வாத்தியாரோடு ஆற்றைக் கடந்து போனார்கள். கழுதை எல்லாருக்கும் பின்னால், அந்த ஒற்றைக் காதை ஆட்டிக்கொண்டு போனது. எனக்கு அது அப்போதும் விளங்கவில்லை, இப்போதும் விளங்கவில்லை. இங்கிலிஸ் படிப்பித்த ஆள் பக்கத்தில் இருக்கிறாரே என்று கேட்டேன்.

"அதுக்கு ஏன் பெரியம்மா ஒரு காது?"

பெரியம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அது முதல் பாகத்தில வந்தது," என்றார்.